மரப்பேனாவுக்கு எந்த பாலிஷ்?

கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மரச்சிற்பப் பட்டறைகளில் சாயங்காலம் பெருக்கும்போது மூலையில் ஒரு குவியல் சேரும். வாகை, வேங்கை, மா, வேம்பு, தேக்கு என்று எல்லாத் துண்டுகளும் கலந்து கிடக்கும். ஒரு சாண் நீளம் இருந்தால் பெரிது. அநேகமாக அடுப்புக்குத்தான் போகும். ஒரு பேனாவுக்கு வேண்டியதோ ஐந்து அங்குல நீளம், முக்கால் அங்குலப் பருமன். கட்டையை இரண்டாக அறுத்து, நடுவில் ஏழு மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் குழாயை ஒட்டி, கடைசலில் ஏற்றிச் சீவினால் பேனா உடம்பு தயார். ரீஃபிலும் திருகும் மூக்கும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளி பழகிய கைகள் இங்கே ஏராளம். பேனா கடைய அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைந்து முடித்த பிறகு எல்லோரும் நின்றுவிடுகிற இடம் ஒன்று உண்டு. இதற்கு மேல் என்ன பூசுவது? சாமி சிலைக்குப் போடுகிற வார்னிஷையே இதற்கும் போட்டால் போதாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். போட்டால் முதல் வாரம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிலை பூஜையறையிலோ ஷோகேஸிலோ இருக்கும். ஆயுத பூஜைக்கு ஒருமுறை துடைப்பார்கள். பேனா நாள் முழுக்க வியர்வைக் கையில் கிடக்கும். சாவிக்கொத்தோடு பையில் உரசும், மேசையிலிருந்து விழும், பள்ளிக்கூடப் பிள்ளையிடம் போனால் கடிபடும். சிலைக்குக் கண்ணைப் பார்த்து பாலிஷ் தேர்ந்தெடுக்கலாம். பேனாவுக்கு, அதைப் பிடிக்கப் போகிற கையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வேங்கைப் பேனாவில். எங்கள் பக்கத்துக் கிராமச் செவிலியர் அக்கா ஒருவருக்காகக் கடைந்தது. கடைசல் சுழலச் சுழல அரக்கு பாலிஷ் ஏற்றி, முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கிக் கொடுத்தேன். அது கொரோனா காலம். ஒவ்வொரு வீட்டுப் படி இறங்கும்போதும் சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொள்வார், ஈரம் காய்வதற்குள் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் எழுதுவார். மூன்றாம் வாரம் பேனா என்னிடம் திரும்பி வந்தது. “தம்பி, கையில ஒட்டுதுப்பா” என்றார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேல்பாதியில் மினுமினுப்பு அப்படியே இருந்தது. கீழே மூன்று விரல் படுகிற இடம் மட்டும் மங்கிப் போய், அரக்கு இளகி மறுபடி இறுகி, அதில் அவருடைய கட்டைவிரல் ரேகை சுழி சுழியாகப் பதிந்திருந்தது. பத்திரப் பதிவில் வைத்த ரேகைபோல அவ்வளவு தெளிவு.

காரணம் எளிது. அரக்கைக் கரைக்கிற திரவமே ஸ்பிரிட், அதாவது ஆல்கஹால்தான். சானிடைசரில் பாதிக்கு மேல் அதுதான். நாளெல்லாம் சானிடைசரைக் கையில் தேய்க்கிற ஒருவருக்கு நான் அரக்கு போட்டது பிசகு. மரமும் தப்பில்லை, பாலிஷும் தப்பில்லை. யார் கை என்று கேட்காமல் விட்டதுதான் தப்பு.

இதனால் அரக்கே கூடாது என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த பூச்சு அதுதான். மரத்தில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. புரசு, இலந்தை, பூவம் போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் அந்தப் பூச்சியின் கூட்டைச் சுரண்டி, கழுவி, உருக்கி, செதில் செதிலாக எடுக்கிறார்கள். ஜார்க்கண்டில்தான் மிகுதி. 1924-இலேயே ராஞ்சியில் அரக்குக்கென்று தனியாக ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகைக் கதை தெரிந்தவர்களுக்கு அரக்கின் இன்னொரு குணமும் தெரியும்: சூட்டுக்கு நிற்காது.

கடைசலில் அந்தக் குணமே உபகாரம் செய்கிறது. சன்னபட்டணத்துப் பொம்மைகளையும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களையும் கவனித்திருக்கிறீர்களா? நிறம் ஏற்றிய அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். உராய்வில் பிறக்கிற சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பரவும். மேலே தாழை ஓலையை அழுத்திப் பிடித்தால் பளபளப்பு வந்துவிடும். தூரிகையும் வேண்டாம், காயக் காத்திருக்கவும் வேண்டாம். இன்று பேனா கடைபவர்கள் பாட்டிலில் வாங்குகிற ‘ஃபிரிக்‌ஷன் பாலிஷ்’ இதே வித்தைதான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்திருப்பார்கள், கொஞ்சம் எண்ணெயோ மெழுகோ சேர்த்திருப்பார்கள். துணியில் நாலு சொட்டு விட்டுச் சுழலும் பேனாவில் அழுத்தினால் இரண்டே நிமிடம். மரத்தின் ரேகைகள் உள்ளிருந்து எழுந்து வருகிற மாதிரி ஒரு ஆழம் கிடைக்கும். தொட்டால் மரமாகவே இருக்கும். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேற்பூச்சாகப் பயன்படுகிற பொருள் என்பதால், பேனா முனையைக் கடிக்கிற பிள்ளைக்கும் பயமில்லை. மங்கினால் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஏற்றிவிடலாம். மேசைமேல் வைத்துக் கையெழுத்துக்கு மட்டும் எடுக்கிற பேனா, பரிசுப் பேனா, அடிக்கடி உங்களிடமே திரும்பி வரக்கூடிய சொந்தக்காரர் பேனா, இவற்றுக்கெல்லாம் அரக்கு போடுங்கள். வியர்த்துக் கொட்டும் கைக்கும், ஸ்பிரிட் புழங்கும் கைக்கும் வேண்டாம்.

அக்காவின் பேனாவை உரித்துவிட்டு நான் போட்டது சயனோஅக்ரிலேட். வீட்டில் ‘பெவிக்விக்’ என்று சொல்கிற அதே பசை. பசையைப் போய் பாலிஷாகப் போடுவதா என்று முதலில் எனக்கும் நெஞ்சு ஒப்பவில்லை. 1942-இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்து ஹாரி கூவர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடும்போது இது கையில் கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டுகிறதே என்று தூக்கிப் போட்டுவிட்டார். 1951-இல்தான் ஒட்டுவதே அதன் பெருமை என்று புரிந்தது. 1958-இல் கடைக்கு வந்தது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் இறுகிப் பிளாஸ்டிக் ஆகிவிடும். மெல்லிய படலமாக ஏழெட்டு முறை ஏற்றினால் பேனாமேல் கண்ணாடி உறை போட்டதுபோல் நிற்கும். வியர்வை, தண்ணீர், சானிடைசர் எதற்கும் லேசில் அசையாது. அசிட்டோன் அதைக் கரைக்கும்.

போடும் முறையில் பொறுமை வேண்டும். 400-ஆம் நம்பர் உப்புத்தாள்வரை தேய்த்து, கடைசலை நிறுத்திவிட்டு நீளவாக்கில் ஒருமுறை தேயுங்கள். இல்லையென்றால் வட்டக் கீறல்கள் பாலிஷுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். தூசியைத் துடைத்துவிட்டு, கடைசலை மெதுவாக ஓடவிட்டு, மடித்த டிஷ்யூ தாளில் இரண்டு சொட்டு விட்டு, இடமிருந்து வலம் ஒரே இழுப்பு. அதே இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள், வரப்பு விழும். ஒவ்வொரு படலமும் இறுகிய பிறகே அடுத்தது. கடைசியில் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து மினுக்க வேண்டும். அதற்கு முன்னால் பேனாத் துண்டின் இரண்டு முனைகளிலும் வெட்டுவாயில் இதே பசையைத் தடவி அடைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் தேய்க்கிற தண்ணீர் முனை வழியாக மரத்துக்குள் ஏறி, மரம் ஊதி, நாலு நாளில் ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்து வரும். நான் கெடுத்த பேனாக்களில் பாதி இப்படிக் கெட்டவைதான்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் பசையைப் பருத்தித் துணியால் தொடாதீர்கள். பஞ்சில் பட்டால் வேகமாக வினைபுரிந்து சூடேறிப் புகையும், தோல் வெந்துவிடும். பனியன் துணி, பஞ்சு, பருத்திக் கையுறை எதுவும் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புகை கண்ணில் வெங்காயத்தைவிட மோசமாக ஏறும்.

இதில் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை, தொடுகை. விரலுக்கு மரம் கிடைக்காது, பிளாஸ்டிக்தான் கிடைக்கும். பார்வைக்கு வேங்கை, தொட்டால் வேறு ஏதோ. தினமும் பத்துப் பக்கம் எழுதுகிறவர்களில் சிலர் இந்த வழுக்கலை விரும்புவதில்லை. அவர்களுக்கு எண்ணெயும் மெழுகும்.

எண்ணெய் என்றதும் வீட்டுச் சமையலறைக்குப் போய்விடாதீர்கள். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் காயவே காயாது. முதல் நாள் மரம் கறுகறுவென்று மின்னும்; ஒரு மாதத்தில் பிசுபிசுத்து, தூசி அப்பி, சிக்கு வாடை அடிக்கும். காயக்கூடியது ஆளி விதை எண்ணெய். பெயிண்ட் கடையில் ‘டபுள் பாயில்டு’ என்று கேட்டால் கொடுப்பார்கள். துளி எடுத்துத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று நாலு முறை. காற்றோடு சேர்ந்து அது மெல்ல இறுகும். துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள். மரத்தூள் நிறைந்த பட்டறையில் இதில் அலட்சியம் காட்டவே கூடாது.

மெழுகு என்றால் தேன்மெழுகு. தேன் எடுக்கிறவர்களிடம் அடையிலிருந்து உருக்கிய மெழுகு கிடைக்கும். ஆசைக்கு வாங்கி, தனியாக அதை மட்டும் பேனாவில் தேய்க்காதீர்கள். அது உருகுவது 62 முதல் 64 டிகிரியில். அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்த பேனாவை எடுத்துப் பாருங்கள், விரல் ஒட்டும். பிரேசில் பனை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கிற கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல் தாங்கும். அதுவும் தேன்மெழுகும் கலந்த கட்டி நல்லது. எப்படியானாலும் மெழுகு நிரந்தரமில்லை, மாதம் ஒருமுறை தேய்க்க வேண்டும். தேய்க்கிற பொறுமை உள்ளவருக்கே அதைக் கொடுங்கள்.

ஸ்ப்ரே லாக்கர், மெலமைன், பி.யூ. எல்லாம் மேசை நாற்காலிக்காரர்கள் அடிப்பவை. கம்ப்ரசரும் தூசியில்லாத அறையும் இருந்து, ஒரே தடவையில் ஐம்பது பேனா செய்தால் கட்டுப்படியாகும். ஒன்றிரண்டுக்காக அந்த வம்பு வேண்டாம்.

இனி மரம். ஒரே பாலிஷ் எல்லா மரத்திலும் ஒரே மாதிரி உட்காராது. கல்வராயன் மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்களுக்கு வேங்கையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேங்கைக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் பழுப்பாகியிருக்கும்; வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் ஓரத்தில் நீலம் தட்டும். அந்தச் சாறு பேனாவிலும் இருக்கிறது. பூச்சில்லாத வேங்கைப் பேனாவை வியர்த்த வெள்ளைச் சட்டைப் பையில் செருகினால் கறைதான் மிஞ்சும். ஸ்பிரிட் தொட்டாலும் சாறு இறங்கும். ஆகவே வேங்கையோடு மாமரத்தையோ வேம்பையோ ஒட்டி இரு நிறப் பேனா கடைகிறவர்கள், பூச்சை எப்போதும் வெளிர் மரத்திலிருந்து கரு மரத்தை நோக்கி இழுங்கள். மறுதிசையில் இழுத்தால் சிவப்பு வெளிறில் ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது. அதேபோல் வேங்கையில் இரும்புத் துருவலால் தேய்க்காதீர்கள். நுண்ணிய இரும்புத்தூள் துளைகளில் தங்கி, ஈரம் பட்டதும் கருநீலப் புள்ளி போடும்.

தோதகத்தியிலும் தேக்கிலும் உள்ளெண்ணெய் உண்டு. அது வார்னிஷையும் எண்ணெய்ப் பூச்சையும் காயவிடாமல் இழுத்தடிக்கும். அசிட்டோனிலோ தின்னரிலோ துடைத்து, அது உலர்ந்ததும் உடனே முதல் பூச்சு போடுங்கள். மறுநாள்வரை விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். கருங்காலி என்று சொல்லி விற்கிற கட்டையை வாங்கினால், வெள்ளைத் துணியில் ஸ்பிரிட் நனைத்து ஒரு ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மை மாதிரிக் கறுப்பு திட்டாக இறங்கினால் சாயம் ஏற்றிய வேறு மரமாக இருக்கலாம். சந்தனத்துக்கு மட்டும் நான் எதுவும் பூசுவதில்லை. சந்தனப் பேனாவின் உயிரே வாசனை. அதன்மேல் சயனோஅக்ரிலேட் ஏற்றினால் வாசனையைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்த கதைதான். நைசான உப்புத்தாளில் இழைத்து, துணியால் தேய்த்து விடுங்கள், கையெண்ணெயே அதற்குப் போதும். ஆனால் கட்டை எங்கே வாங்கியது என்பதற்கு ரசீது கையில் இருக்க வேண்டும். மலையிலிருந்து யாரோ கொண்டுவந்தார்கள் என்ற பேச்சே கூடாது.

மலை என்றதும் கடுக்காயைச் சொல்லாமல் விட முடியாது. கல்வராயனில் கடுக்காய் பொறுக்கி விற்பது மலைவாழ் மக்களின் பழைய வருமானங்களில் ஒன்று. அதை மருந்தாக மட்டுமே நினைக்கிறோம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் மை. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடினால் அழியாத கறுப்பு பிறக்கும். அதே வினையை மரத்தின்மேலேயே நடத்தலாம். மாமரம் மாதிரி வெளிர் மரத்தில் பேனா கடைந்து, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, எழும்பிய நாரை 400-இல் தேய்த்துவிடுங்கள். கடுக்காய்த் தூளைக் கொதிக்க வைத்து இறுத்த கஷாயத்தைப் பூசிக் காயவிடுங்கள். நாட்டுமருந்துக் கடை அன்னபேதியைத் தண்ணீரில் கரைத்து, அதன்மேல் தடவுங்கள். கண்ணெதிரே மரம் சாம்பலாகி, கருநீலமாகி, கறுத்துப்போகும். ரேகைகள் மறையாது, கறுப்புக்குள்ளிருந்தே தெரியும். நன்றாகக் காய்ந்த பிறகு சயனோஅக்ரிலேட்டோ அரக்கோ போட்டு மூடுங்கள். மையாலேயே கறுத்த மரத்தில் ஒரு பேனா. பெயிண்ட் கடையில் இந்தக் கறுப்பு கிடைக்காது.

கடைசியாகக் காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அரக்கும் லாக்கரும் போட்டால் பால் தெளித்தாற்போல் வெளுக்கும். ஸ்பிரிட்டோ தின்னரோ வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அங்கே படிகிறது. சயனோஅக்ரிலேட்டும் அந்த நாட்களில் அவசரமாக இறுகிப் புகைமூட்டமாகும். வெயில் வரும் நாளுக்குக் காத்திருங்கள். பச்சைக் கட்டையைக் கடைவதும் இதே போலத்தான். உள்ளே பித்தளைக் குழாய் சுருங்காது, வெளியே மரம் சுருங்கும், பங்குனியில் நடுவே பிளந்துவிடும். மேலே என்ன பூசியிருந்தாலும் அதைத் தடுக்காது. துண்டுகளை நிழலில் மாதக்கணக்கில் காயப்போட்ட பிறகே துளையிடுங்கள்.

இவ்வளவு படித்த பிறகும் எதைப் போடுவதென்று தெரியவில்லையென்றால், ஒரு மீந்த கட்டையை முழு நீளத்துக்குக் கடைந்து நாலு வளையமாகப் பிரியுங்கள். ஒன்றில் அரக்கு, ஒன்றில் சயனோஅக்ரிலேட், ஒன்றில் ஆளி எண்ணெய், ஒன்று வெறும் மரம். பேனாவை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்களோ அவரிடம் அந்தக் குச்சியைக் கொடுத்து, பத்து நாள் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வேலை செய்யும்போது கையில் உருட்டட்டும், வியர்வை படட்டும், சானிடைசர் படட்டும். திரும்பி வரும்போது எந்த வளையம் மங்கியிருக்கிறது என்று பாருங்கள், எந்த வளையத்தில் அவர் விரல் தானாகப் போய் நிற்கிறது என்றும் பாருங்கள். அக்காவின் விரல் சயனோஅக்ரிலேட்டில்தான் நின்றது. அவருக்குக் கொடுத்த குச்சியின் வெறும் மர வளையத்தில் தேதியையும் பூச்சுகளின் பெயரையும் பென்சிலால் எழுதி, கடைசலுக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.